என் முறுக்கை ஏலம் கேட்டவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நடந்த ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற சின்ன சர்ச் அது. அன்று மத்தியானம் அத்தனை பேர் முன்னால் என் கணவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, நான் சுட்ட முறுக்குக்காக மல்லுக்கட்டினார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. அந்த இருபத்தாறு வருடத்தில் என் முறுக்கைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை, "ம்."

முதலில் கடிகாரக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டிரைவராக இருந்தவர். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது, ரயிலடியில் வைத்துத் தன் கையிலிருந்து கழற்றி அவருக்குக் கட்டிவிட்ட சுவிஸ் கைக்கடிகாரம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. முகத்துக்குள்ளேயே மூன்று குட்டி வட்டங்கள் இருக்கும். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். மாமனார் காலமான பிறகு அது பீரோவில் ஊக்கு, பழைய சாவி, காலாவதியான இருமல் மருந்து ஆகியவற்றோடு சேர்ந்து குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. யாரும் அதைச் சீண்டவில்லை.

ஒருநாள் என் கணவர் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏ, இங்க வா, இங்க வா!" என்று கத்தினார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். வெளிநாட்டில் நடந்த கடிகார ஏலம் ஒன்றின் வீடியோ. எங்கள் பீரோவில் கிடப்பதன் அண்ணன் தம்பி போல ஒன்று அங்கே வெல்வெட் மெத்தையில் படுத்திருந்தது. அது போன விலையை இங்கே எழுதினால் நம்பமாட்டீர்கள். எங்கள் தெருவை விலை பேசலாம், அவ்வளவுதான் சொல்வேன்.

அன்றிலிருந்து அந்த மனிதர் மனிதராக இல்லை. நான்கு பக்கமும் போட்டோ எடுத்து மும்பையில் இருக்கிற ஒரு ஏலக் கம்பெனிக்கு அனுப்பினார். அவர்களும், பார்க்க அரிய வகை போலத் தெரிகிறது, நேரில் கொண்டுவாருங்கள், அடுத்த ஏலத்தில் சேர்க்க முடியுமா என்று பார்க்கிறோம் என்று பதில் போட்டுவிட்டார்கள். ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. கிளம்பும் நாள் வரை அதைத் திருடன் கண்ணில் படாமல் காப்பாற்ற வேண்டுமே. அதற்குத்தான் எங்கள் வீடு படாதபாடு பட்டது.

கடிகாரத்துக்கு நாளுக்கொரு ஜாகை. ஒருநாள் அரிசி டிரம். ஒருநாள் ஆர்மோனியப் பெட்டி. ஒருநாள் பிரிட்ஜில் கத்தரிக்காய்களுக்கு நடுவே கிடந்தது. பேங்க் லாக்கரில் வைத்துவிடுங்கள் என்றால், "தெனமும் சாவி குடுக்கணும்ப்பா. நின்னு போச்சுன்னா யாரு பொறுப்பு?" என்பார். தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுத்து, நான் இட்லி மாவும் கையுமாக நிற்கும்போது என் காதருகே கொண்டுவந்து, "கேளு, எப்புடி ஓடுதுன்னு கேளு" என்று சொல்வார். நானும் கேட்பேன். என் நெஞ்சு எப்படி ஓடுகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வரும். கடைசியில் ஒருநாள் சாம்பாருக்குப் பருப்பு எடுக்கப் போன கரண்டியில் கடிகாரம் ஏறி வந்தது. "இனிமே நான் பொழங்குற எடத்துல வைக்காதீக. எங்க வச்சீகன்னு எங்கிட்ட சொல்லவும் செய்யாதீக" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவரும் அப்படியே செய்தார்.

இப்போது அறுப்பின் பண்டிகைக்கு வருகிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள் அது. வயல் இருப்பவர்கள் நெல், வாழைத்தார், பூசணிக்காய், கோழி என்று காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வயல் இல்லாத என்னைப் போன்ற டீச்சர்கள் வீட்டில் செய்த பலகாரம், ஊறுகாய் என்று ஏதாவது கொடுப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்தில் விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு கட்டு முருங்கைக் கீரைக்காக இரண்டு சம்பந்திகள் போட்டி போட்டு, ஓர் ஆட்டின் விலையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. ஏலத்தில் எடுத்தவர், "திருப்பி விடுங்கய்யா" என்று அதைச் சர்ச்சுக்கே கொடுத்துவிட வேண்டும். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே சேவல் காலையிலிருந்து நான்கு பேருக்குச் சொந்தமாகி, கடைசியில் யார் வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்காதவரை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்த வருடம் வரைக்கும் கஞ்சன் என்று பெயர் இருக்கும்.

நான் வருடா வருடம் ஒரு பெரிய டப்பா நிறைய முறுக்கு கொடுப்பேன். தற்பெருமை என்று நினைக்காதீர்கள், என் முறுக்குக்குச் சபையில் ஒரு மரியாதை உண்டு. பாடகர் குழுவில் பல் போனவர்கள்கூட வாங்கிப் போய்ப் பாலில் ஊற வைத்துச் சாப்பிடுவார்கள். என் வீட்டில் மட்டும் அந்த மரியாதை கிடையாது. "நல்லாருக்கா?" என்றால், "ம்." "உப்பு சரியா இருக்கா?" என்றால், அதற்கும் "ம்." கண் செல்போனிலேயே இருக்கும்.

அந்த வருடம் என் நாத்தனார் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்த நீல நிற பிஸ்கட் டப்பாவை எடுத்துத் துடைத்து, அடியில் கிடந்த வட்ட அட்டையின் மேல் புதுத்தாள் விரித்து, முறுக்கை அடுக்கிச் சனிக்கிழமையே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏலம் விடுகிறவர் எங்கள் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடும் அண்ணன். அவர் கையில் மைக் தேவையில்லை, ஆனாலும் வைத்துக்கொள்வார். என் கணவர் வழக்கம்போலக் கடைசி வரிசையில், பந்தல் காலில் சாய்ந்தபடி செல்போனில் கடிகாரப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். நீல டப்பாவை அண்ணன் தலைக்கு மேல் தூக்கி, "நம்ம டீச்சரம்மா முறுக்கு! கேக்குறவுக கேளுங்க!" என்றார்.

என் கணவருடைய பால்ய சிநேகிதர், மரக்கடை வைத்திருப்பவர், முதல் கேள்வி கேட்டார். இருநூறு என்று நினைக்கிறேன். என் கணவர் சும்மா நிமிர்ந்து பார்த்தார். டப்பாவைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆனார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஆயிரம்!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. நானும் யாரடா அது என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர்.

மரக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம். "என்ன மாப்ள, வீட்ல தங்கச்சி கண்ணுலயே காட்ட மாட்டேங்குதா?" என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே ஏற்றினார். இவரும் ஏற்றினார். அவர் விடவில்லை, இவரும் விடவில்லை. பெண்கள் பக்கத்தில் என்னை ஆளாளுக்குக் கிள்ளினார்கள். "குடுத்து வச்சவுக டீச்சர் நீங்க. எங்க வீட்லயும் ஒண்ணு உக்காந்திருக்கே, மண்ணு மாதிரி" என்றாள் ஒருத்தி. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு மனிதர் இத்தனை வருடமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்து, ஆண்டவர் சந்நிதியில் வைத்து அல்லவா வெளியே கொட்டுகிறார் என்று நினைத்தேன். கண்ணில் தூசி விழுந்த மாதிரி முந்தானையால் துடைத்துக்கொண்டேன். உண்மையாகவே அழுதேன், மறைப்பானேன்.

ஒருவழியாக ஏலம் இவர் பெயருக்கு முடிந்தது. ஓடிப்போய் டப்பாவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். உடனே பந்தலில், "திருப்பி விடு! திருப்பி விடு!" என்று சத்தம். இவர் அசையவில்லை. தொட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல நின்றார். ஆராதனை நடத்தின எங்கள் சர்ச் ஆயர் மைக்கை வாங்கி, "அண்ணன் டீச்சர் முறுக்கை யாருக்கும் தரமாட்டார் போலிருக்கு" என்று சிரிக்க, ஜனம் ஓவென்று சிரிக்க, மரக்கடைக்காரர் வந்து, "விடு மாப்ள, கோயில் காரியம்" என்று டப்பாவைப் பிடுங்கி ஏலம் விடுகிற அண்ணன் கையில் திணித்துவிட்டார்.

மறு ஏலம் தொடங்கியது. இந்தத் தடவை பந்தலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்ற ஒருவர் கேட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, எங்கள் சபை ஆள் இல்லை. எடுத்த எடுப்பிலேயே பெரிய தொகையாகச் சொன்னார். என் கணவர் அதற்கு மேல் கேட்டார். அந்த ஆள் யோசிக்கவே இல்லை, அதற்கும் மேல் போனார். என் கணவர் அந்த மாதச் சம்பளத்தைத் தாண்டப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்பு இருக்க வேண்டியதுதான், அதற்காக வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? வெட்கத்தை விட்டு ஆண்கள் பக்கம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"போதும்ங்க. இதே மாதிரி வீட்ல சுட்டுத் தாரேன். நீங்க கேட்டதே எனக்குப் போதும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது! பிறகு என் காதருகே குனிந்து சொன்னார்.

"முறுக்கு எவனுக்கு வேணும்? வாட்ச்சு அதுக்குள்ள இருக்கு. அடி அட்டைக்குக் கீழ."

"மூணு தரம்!" என்று அண்ணன் தாம்பாளத்தைத் தட்டினார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தப் பக்கம் போதாது. கடிகாரம் போனதற்காக அல்ல. இப்போதுதான் துடைத்த கண்ணீரை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? ஆயரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றேன். "காணிக்கைன்னு குடுத்துட்டா உள்ள இருக்குறதும் காணிக்கதான்னு சொல்லிட்டா? அப்புறம் ஊரு பூரா தெரிஞ்சு போகும்" என்று அவர் பதறினார். நாங்கள் இப்படிக் குசுகுசுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வெள்ளை வேட்டிக்காரர் பணத்தைக் கட்டி, டப்பாவையும் ஒரு சேவலையும் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார். சபைச் செயலாளரிடம் விசாரித்தோம். அவருடைய மனைவி எங்கள் பகுதியில் பிறந்தவளாம். ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

என் கணவர் ஸ்கூட்டரை எடுத்தார். நான் வரவில்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இவரைத் தனியாக அனுப்பினால் எதையாவது உளறி அடி வாங்கிக்கொண்டு வருவார் என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன். திருச்சி ரோட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. அவரே பேசிக்கொண்டு வந்தார்.

மேலூரில் டீ குடிக்க நிறுத்தினார். அங்கே நின்றுகொண்டு புலம்பினார். "பரண்ல கிடக்குற டப்பாவ எவ தொடப்போறான்னு நெனச்சேன். காலையில கோயிலுக்குக் கௌம்புற அவசரத்துல சாவி குடுக்கவும் மறந்துட்டேன். மூடியில குதிர வண்டிப் படம் போட்டு எம்புட்டு அழகான டப்பா!"

நான் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றேன். குதிரை வண்டியா?

என் நாத்தனார் கொண்டுவந்தது இரண்டு டப்பா. இரண்டும் நீலம், இரண்டும் ஒரே அளவு. ஒன்றின் மூடியில் குதிரை வண்டி, இன்னொன்றில் ரோஜாப்பூ. நான் முறுக்கு போட்டது ரோஜாப்பூ டப்பாவில். குதிரை வண்டி பரணில் பத்திரமாக இருக்கிறது. சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டும் வருகிற மனிதருக்கு, டப்பா இரண்டு என்பது எப்படித் தெரியும்? ஏலத்தில் எடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாரே, அப்போதாவது மூடியைப் பார்த்தாரா?

சொல்லியிருக்கலாம். அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. அலையட்டும், நன்றாக அலையட்டும் என்று இருந்தது. டீயை நிதானமாகக் குடித்து முடித்தேன். "கௌம்புங்க, இருட்டுறதுக்குள்ள போகணும்" என்றேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் தண்ணீருக்குப் போர் போட்டுச் சேறு குவிந்து கிடந்தது. அந்த ஈர மண்ணைச் சுற்றித் தெருவே நின்றது. எங்களைப் பார்த்ததும் அந்த மனிதர், "அட, முறுக்குக்கார அண்ணே! வாங்க, வாங்க! டீச்சரக்கா, வாங்க!" என்று ஓடிவந்தார். கட்டில் போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். "எங்க போர்த் தண்ணிக்கா, குடிச்சுப் பாருங்க" என்றாள் அவர் மனைவி. தேங்காய்த் தண்ணீர் போல இருந்தது.

அவர் ஏன் அப்படி யோசிக்காமல் கேட்டார் என்பது அங்கேதான் தெரிந்தது. இரண்டு தடவை போர் போட்டு இரண்டு தடவையும் தண்ணீர் இல்லாமல் வெறும் புழுதிப் புகைதான் வந்ததாம். மூன்றாவது தடவை தண்ணீர் வந்தால் இவ்வளவு காணிக்கை என்று ஒரு தொகையை நேர்ந்துகொண்டாராம். தண்ணீர் வந்துவிட்டது. மனைவி பிறந்த சபையில் ஏலத்தில் எடுத்து அந்தத் தொகையைக் கொடுப்பது என்று முடிவு. "காலையில இருந்து நிக்கிறேன்ணே. பூசணிக்கா ஏற மாட்டேங்குது, சேவலு ஏற மாட்டேங்குது. நல்லவேளை, நீங்க வந்து முறுக்க ஏத்திவிட்டீக. உங்க புண்ணியத்துல நேத்திக்கடன் தீந்துச்சு" என்று என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் கணவர், டப்பா தங்கை கொடுத்தது, ஞாபகத்துக்காக டப்பா மட்டும் வேண்டும் என்று ஏதோ சொன்னார். "அதுக்கென்னண்ணே, தாராளமா" என்றார் அவர். மனைவிதான் குறுக்கே வந்தாள். "ஆசீர்வாதமா வந்த பண்டத்தக் கொட்டி மாத்தக்கூடாதுண்ணே. டப்பாவுல இருந்துதான் தெருவுக்கு எடுத்துக் குடுக்கணும். தீரட்டும், டப்பாவ வெளக்கித் தாரேன்."

தீர வேண்டும். டப்பாவில் இன்னும் முக்கால்வாசி இருந்தது.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். என் கணவர் அந்தத் தெருவுக்கே விருந்துபசாரம் செய்ய ஆரம்பித்துவிட்டார். "தம்பி, இன்னொண்ணு எடு. அம்மா, நீங்க என்ன ஒண்ணோட நிறுத்திட்டீக?" யாராவது போதும் என்றால் அவருக்கு முகம் வாடிவிடும். அவர்களைச் சாப்பிட வைக்க வேண்டுமே, அதனால் முறுக்கைப் புகழ ஆரம்பித்தார். "மதுர ஜில்லாவுல இப்புடி ஒரு முறுக்கு கெடையாதுங்க. பாருங்க, கடிக்கும்போது மொறுமொறு, வாய்க்குள்ள போனா வெண்ண! சீரகம் எம்புட்டு அளவா விழுந்திருக்கு பாத்தீகளா? இவ கைப்பக்குவம் யாருக்கும் வராது." சொல்லிச் சொல்லி அவரும் தின்றார். கை ஓயவில்லை.

நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, காபியைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். எல்லாம் வேஷம் என்று தெரியும். தெரிந்தும் இனித்தது. டப்பாவின் மூடி அவர் காலடியிலேயே ரோஜாப்பூ மேலே பார்க்கக் கிடந்தது. அவர் பார்க்கவே இல்லை.

கடைசி முறுக்கும் போயிற்று. தாளை எடுத்தார். அட்டையை நகத்தால் நெம்பினார். உள்ளே வெறும் தகரம் பளபளத்தது. என் கணவர் டப்பாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கவிழ்த்துத் தட்டினார். பிறகு, தன்னை மறந்து, சத்தமாகக் கேட்டார்.

"வாட்ச்சு எங்க?"

"என்ன வாட்ச்சுண்ணே?" என்றார் அந்த மனிதர். என் கணவர் எல்லாவற்றையும் கொட்டினார். சுவிஸ் கடிகாரம், மும்பை ஏலம், டப்பாவின் அடி அட்டை, எல்லாம். கேட்கக் கேட்க அந்த மனிதரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப இம்புட்டு நேரம் எங்களத்தான் நோட்டம் பாத்துக்கிட்டு இருந்தீகளா?" என்றாள்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "வீட்டுக்குள்ள வாங்கண்ணே. நீங்களே தேடிப் பாத்துக்கங்க" என்றார்.

தண்ணீர் வந்த சந்தோஷத்தைத் தெருவோடு பங்கு போட்டுக்கொண்டிருந்த மனிதர், அதே தெருவின் முன்னால் தன் வீட்டைச் சோதனை போடச் சொல்லி நிற்கிறார். நான் கட்டிலை விட்டு எழுந்தேன். மூடியை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தேன்.

"இது ரோஜாப்பூ டப்பா. குதிர வண்டி டப்பா நம்ம வீட்டுப் பரண்ல இருக்கு. வாட்ச்சு அதுக்குள்ளதான் இருக்கும். இவுகளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்கு மேலூர்லயே தெரியும்."

"தெரிஞ்சுமா வந்த?" அவருக்கு வாய் மூடவில்லை.

"ஆமா, தெரிஞ்சுதான் வந்தேன். கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒருநா, ஒரே ஒருநா, முறுக்கு நல்லாருக்குன்னு சொல்லிருக்கீகளா? இப்பிடியாச்சும் கேப்போம்னு இருந்தேன்."

சொல்லிவிட்டேனே தவிர, உடனே எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற டீச்சர், முன்பின் தெரியாத ஊரில், சேற்றுக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. "அண்ணே, ஒரு நல்ல வார்த்த சொல்றதுக்கு மதுரையில இருந்து வண்டி கட்டிக்கிட்டு எங்க வாசலுக்கா வருவீக?" என்றாள். அப்புறம் தெருவே சிரித்தது. நான் அந்த மனிதரிடம் போய், "தப்பா நெனச்சுக்காதீக தம்பி. உங்களுக்குச் சங்கடம் வரும்னு யோசிக்காம விட்டுட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "அட விடுங்கக்கா. தண்ணி வந்த அன்னைக்கிக்கூட நாங்க இம்புட்டுச் சிரிக்கல" என்றார் அவர். அவர் முகம் பழையபடி ஆனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சாப்பிடாமல் விடமாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அன்று காலையில் நான்கு பேருக்குச் சொந்தமாக இருந்த சேவல், கடைசியில் எங்கள் இலைக்குத்தான் வந்தது.

திரும்பும்போது என் கணவர் மேலூரில் அதே டீக்கடையில் நிறுத்தினார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"முறுக்கு நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு."

"இனிமே நம்புறதுக்கு ஆளப் பாருங்க" என்றேன்.

"டப்பா காலியாகணும்னா அந்தப் புள்ளைககிட்ட அள்ளிக் குடுத்தா முடிஞ்சு போச்சு. நான் எதுக்கு உக்காந்து அம்புட்டையும் திங்கணும்? யோசிச்சுப் பாரு."

நான் யோசித்துப் பார்த்தேன். கணக்கு டீச்சர் நான், ஆனால் அந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

கடிகாரம் பரணில் குதிரை வண்டிக்குக் கீழே பத்திரமாக இருந்தது. மும்பைக்கும் போனோம். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஓர் இளைஞர் பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே இருக்கிற மெஷின் அசல்தானாம். ஆனால் முகத்துக்கு யாரோ புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களாம். மங்கிப்போன அசல் முகமாக இருந்தால்தான் ஏலத்தில் மதிப்பாம். பளபளப்பாக்கினால் மதிப்பு போய்விடுமாம். ஏலத்தில் சேர்க்க முடியாது என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். என் கணவருக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமனார் அதை மதுரையில் கடையில் கொடுத்து, மாப்பிள்ளை கையில் புத்தம்புதிதாக இருக்க வேண்டும் என்று முகத்துக்குப் பெயிண்ட் அடித்து வாங்கியிருக்கிறார். கல்யாண போட்டோவில் அது பல்லை இளித்துக்கொண்டு மின்னுகிறது.

ரயிலில் அவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. "அன்னைக்கி எனக்குந்தான் மூஞ்சி பூரா பவுடர் பூசி உக்கார வச்சாக. அதுக்காக நீங்க என்னைய ஏலத்துல சேக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டீகளா?" என்று கேட்டேன். அவர் திண்டுக்கல் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். இப்போது தினமும் அதைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். ஒளித்து வைக்கிற வேலை எங்கள் வீட்டில் ஒழிந்தது.

அடுத்த வருட அறுப்பின் பண்டிகையிலும் என் முறுக்கு டப்பா ஏலத்துக்கு வந்தது. முதல் ஆளாக என் கணவர்தான் கேட்டார். எடுத்தார், திருப்பி விட்டார், மறுபடி கேட்டு எடுத்தார். கடிகாரக் கதை அதற்குள் காதுக்கு வந்திருந்த மரக்கடைக்காரர் சந்தேகப்பட்டு அவர் கையில் கடிகாரம் இருக்கிறதா என்று பிடித்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் நானும் ஒருமுறை முறுக்கையெல்லாம் எடுத்துவிட்டு, அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நல்ல மனிதர்கள் சிலரைத் தலைகுனிய வைத்துத்தான் அந்த ஒரு வார்த்தையை வாங்கினேன் என்ற கூச்சம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அந்த வார்த்தையைத் திருப்பி விடச் சொல்லிச் சபையே கூடி நின்று சத்தம் போட்டாலும், நான் விடமாட்டேன்.